சேலத்தில் இருந்துகொண்டு 75 லட்சத்துக்குச் சொகுசுக் கார் வாங்கினால், அது சின்னத்துக்குக் கொடுக்கும் காசுதானா?

கேள்வியை ஒருமுறை சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், பின்னால் படிக்க வருபவர்களுக்கும் புரியட்டும். நீங்கள் சேலத்தில் ஜவ்வரிசி வியாபாரம் செய்கிறீர்கள். ஏற்காட்டில் சின்னதாக ஒரு காபித் தோட்டம். வாரம் ஒருமுறை மேலே போய் வருகிறீர்கள். 75 லட்சம் ஒதுக்கி வைத்திருக்கிறீர்கள். கார் பைத்தியம் பிடித்த நண்பர்கள் நான்கு பேரிடம் யோசனை கேட்டிருக்கிறீர்கள். ஒருவர் ஆடி என்பது கோட்டு போட்ட ஸ்கோடா என்றார். இன்னொருவர் லெக்ஸஸ் என்பது கேம்ரிக்கு மேக்கப் என்றார். மூன்றாமவர் பிஎம்டபிள்யூவின் மூஞ்சியைப் பார்க்கச் சகிக்கவில்லை என்றார். நான்காமவர், பென்ஸ் என்றால் அந்தக் காலத்து பென்ஸ்தான், இப்போது விற்பது சக்கரம் வைத்த டிவி என்றார். "இதெல்லாம் உண்மை என்றால் இன்னோவாவே போதுமே, மிச்சக் காசை எதற்குக் கொடுக்கிறேன்?" என்று முடித்திருக்கிறீர்கள். எந்தக் கார் நல்லது என்று கேட்பதைவிட, ஏமாந்துவிடக் கூடாதே என்ற கவலைதான் உங்கள் எழுத்தில் அதிகம் தெரிகிறது. அதற்குத்தான் பதில் சொல்லப் போகிறேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. ஆட்டோமொபைல் டிப்ளமோ முடித்துவிட்டு, கோவையில் ஒரு ஜெர்மன் கார் டீலரின் ஒர்க்‌ஷாப்பில் ஒன்பது வருடம், பெங்களூரில் நான்கு வருடம். அப்புறம் சேலத்துக்கே திரும்பி வந்து, சீலநாயக்கன்பட்டிப் பக்கம் சொந்த ஒர்க்‌ஷாப் போட்டுப் பதினோரு வருடமாகிறது. கை மாறிய சொகுசு வண்டிகளை வாங்குவதற்கு முன்பு ஆட்கள் என்னிடம் காட்ட வருவார்கள். ஆக, நான் கார்களைக் கீழேயிருந்து பார்த்தவன். டிசைன் படித்தவன் அல்ல, ஷோரூம் பேரமும் என் களம் அல்ல. அழகு பற்றி நான் சொல்வதை ஒரு ரசிகனின் பேச்சாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நிச்சயமாகத் தெரிந்ததிலிருந்து ஆரம்பிக்கிறேன். ஒரே அடித்தளத்தில் (பிளாட்ஃபார்ம் என்பார்கள், வண்டியின் கீழ்க்கட்டு) பல வண்டிகள் செய்வது ஒன்றும் ரகசியமில்லை, கம்பெனிகளே வெளிப்படையாகச் சொல்வதுதான். ஆடி க்யூ7, போர்ஷே கெயென், பென்ட்லி பென்டைகா, லம்போர்கினி உரூஸ் நான்குமே ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் ஒரே அடித்தளக் குடும்பத்தில் பிறந்தவை. உங்கள் நண்பரின் கணக்குப்படி லம்போர்கினியும் சட்டை மாற்றிய ஆடிதான். ஆடி, ஸ்கோடா விஷயத்தில் அவர் சொன்னது பாதி சரி. ஆடியின் சின்ன வண்டிகளான ஏ3, க்யூ3 ஆகியவை ஸ்கோடாவும் பயன்படுத்தும் அடித்தளத்தில் நிற்பவை. ஆனால் ஏ4, ஏ6, க்யூ5 வேறு குடும்பம். அவற்றில் எஞ்சின் நீளவாக்கில் உட்கார்ந்திருக்கும், ஸ்கோடாவில் குறுக்குவாக்கில். பானெட்டைத் திறந்தாலே தெரிந்துவிடும். 2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் மட்டும் அந்த வீட்டில் எல்லோருக்கும் பொதுச் சொத்து.

லெக்ஸஸ், கேம்ரி இரண்டுமே டொயோட்டா வீட்டு வண்டிகள், அந்த விஷயத்தில் நண்பர் சொன்னது இன்னும் கூடுதலாகச் சரி, முடிவு மட்டும் தப்பு. 2018-ல் வந்த ஈஎஸ் 300எச் வண்டிக்கும் கேம்ரிக்கும் அடித்தளம் ஒன்று, 2.5 லிட்டர் ஹைபிரிட் எஞ்சின் ஒன்று. வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு நடுவே உள்ள தூரம்) கேம்ரிக்கு 2,825 மி.மீ., ஈஎஸ்ஸுக்கு 2,870. அந்த 45 மி.மீ.யில் பெரும் பங்கு பின்சீட்டுக் காலுக்குப் போகிறது. இரண்டும் அடுத்தடுத்த நாளில் என் லிஃப்டில் ஏறியிருக்கின்றன. கீழேயிருந்து அண்ணாந்து பார்த்தால் அண்ணன் தம்பி என்று சொல்லிவிடலாம். ஓட்டினால் அப்படித் தெரியாது. ஈஎஸ்ஸின் ஷாக் அப்சார்பருக்குள் ஒரு கூடுதல் வால்வு உண்டு. ரோட்டில் பெயின்ட் கோடு மாதிரி சின்ன உறுத்தலுக்கு வண்டி மெதுவாக அசையும்போதுகூட அது வேலை செய்யும். சாதாரண ஷாக் அப்சார்பர் அந்த அளவு அசைவைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. இந்த மாதிரி சமாச்சாரம் விலைப்பட்டியலில் ஒரு வரியாக வரும், இல்லை வராமலே போகும்.

நம் ஊர்க்காரருக்கு இதைப் புரியவைக்க எனக்கு ஒரு வழி இருக்கிறது. செவ்வாய்ப்பேட்டையில் ஒரே அச்சில், ஒரே டிசைனில் இரண்டு ஜோடிக் கொலுசு அடிப்பார்கள். ஒன்று 60 டச், மற்றது 80 டச்; டச் என்றால் வெள்ளியின் சுத்தம். பார்த்தால் வித்தியாசம் தெரியாது, உரசினால் தெரியும். உரசாமல் வாங்கினாலும் இரண்டு வருடம் போட்ட பிறகு காலே சொல்லிவிடும். அடித்தளம் என்பது அச்சு. "டச்" எத்தனை என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி. ஷோரூமிலேயே கொஞ்சம் உரசிப் பார்க்கலாம். முன் ஜன்னலைப் பாதி இறக்கிக் கண்ணாடியின் மேல் விளிம்பைப் பாருங்கள். நல்ல சொகுசுக் கார்கள் பலவற்றில் இரண்டு கண்ணாடிக்கு நடுவே மெல்லிய படலம் ஒன்று கோடாகத் தெரியும். லாரி ஹாரனைக் கொஞ்சம் அடக்குவது அதுதான். கதவைச் சாத்திச் சத்தம் கேட்பதை எல்லோரும் செய்கிறார்கள். அந்தச் சத்தத்தைக் கம்பெனிக்காரன் உட்கார்ந்து அமைக்கிறான், அதை நம்பாதீர்கள். கதவைத் திறந்து, ரப்பர் பீடிங் எத்தனை சுற்று ஓடுகிறது என்று எண்ணுங்கள்.

இப்போது தலைகீழாக ஒரு கேள்வி. சின்னம் சாதாரணமாக இருந்து, உள்ளே எல்லாம் உயர்தரமாக இருந்தால் ஜனங்கள் வாங்குவார்களா? ஃபோக்ஸ்வாகன் இதை நிஜமாகவே செய்து பார்த்தது. 2002-ல் வந்த ஃபேட்டன். அப்போது கம்பெனியை நடத்திய ஃபெர்டினாண்ட் பீச், வெளியே 50 டிகிரி வெயிலில் நாள் முழுக்க 300 கி.மீ. வேகத்தில் ஓடினாலும் உள்ளே 22 டிகிரி இருக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டார் என்பார்கள். வார்த்தைக்கு வார்த்தை உண்மையோ இல்லையோ, செய்த வேலையைப் பார்த்தால் நம்பத் தோன்றும். டிரெஸ்டனில் கண்ணாடிச் சுவர் வைத்துத் தனி ஃபேக்டரியே கட்டி, வண்டி பூட்டுவதை ஜனங்கள் வெளியே நின்று வேடிக்கை பார்க்கும்படி வைத்தார்கள். கார் தெரிந்தவர்கள் கொண்டாடினார்கள். வாங்கத்தான் ஆளில்லை. அமெரிக்காவில் சில வருடத்திலேயே கடையைக் கட்டிவிட்டு, 2016-ல் மொத்தமாக நிறுத்தினார்கள். இதே அடிப்படையில் 2003-ல் பென்ட்லி கான்டினென்டல் ஜிடி வந்தது. அது அமோகமாக விற்றது. அச்சும் ஒன்று, டச்சும் கிட்டத்தட்ட ஒன்று, மாறியது முத்திரை.

இதை வைத்து "பார்த்தீர்களா, எல்லாம் சின்னம்தான்" என்று சொல்லிவிடலாம். மேபாக் அப்படிச் சொல்ல விடாது. மெர்சிடிஸ் அந்தப் பழைய கௌரவமான பெயரை 2002-ல் தூசி தட்டி, 57, 62 என்று இரண்டு மாடல்களைக் கொண்டுவந்தது. 5.7 மீட்டர், 6.2 மீட்டர் நீளம் என்பதால் அந்தப் பெயர். பத்து வருடத்தில் உலகம் முழுக்க விற்றது சுமார் 3,000 வண்டி. 2012-ல் மூடினார்கள். பெயர் பெரியது, விலையும் பெரியது, ஆனால் பார்த்தால் பழைய எஸ் கிளாஸை இழுத்துவிட்ட மாதிரி இருந்தது. பிறகு புத்தி வந்து, மேபாக் என்பதைத் தனிக் கம்பெனியாக வைக்காமல் எஸ் கிளாஸின் உச்ச ரகமாக மெர்சிடிஸ் பெயரோடு சேர்த்தே விற்க ஆரம்பித்தார்கள். அது ஓடுகிறது, புனேவை அடுத்த சாக்கனிலேயே பூட்டும் அளவுக்கு ஓடுகிறது. ஃபேட்டன் பீச்சுக்காகச் செய்த கார், முதல் மேபாக் ரோல்ஸ் ராய்ஸை முறைத்துப் பார்ப்பதற்காகச் செய்த கார் என்பது என் எண்ணம். இரண்டிலும் காசு கொடுத்து வாங்கி உட்காரப் போகிற ஆளை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. எனக்கு வரும் எல்லாக் கார் சண்டைகளிலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: இந்த வண்டி யாருக்காகச் செய்யப்பட்டது?

பிஎம்டபிள்யூ மூஞ்சி விவகாரத்துக்கு வருவோம். அந்த இரட்டைச் சிறுநீரக கிரில் 1933-ல் 303 மாடலில் வந்தது. 2020-ல் 4 சீரிஸில் அதை நெட்டுக்குத்தாக, நம்பர் பிளேட்டையே விழுங்குகிற அளவுக்குப் பெரிதாக்கினார்கள். ரசிகர்கள் கொதித்தார்கள். அவர்கள் கொதிப்பது புதிதில்லை. 2001-ல் தலைமை டிசைனர் கிறிஸ் பேங்கிள் காலத்து 7 சீரிஸ் வந்தபோது, டிக்கி மேல் இன்னொரு மூடி ஒட்டியது போல இருக்கிறது, அந்த ஆளை வேலையை விட்டுத் தூக்குங்கள் என்று மனு போட்டுக் கையெழுத்து வாங்கினார்கள். அந்த 7 சீரிஸ் அதற்கு முந்தையதைவிட நன்றாக விற்றது. கையெழுத்துப் போட்டவர்களில் எத்தனை பேர் 7 சீரிஸ் வாங்கும் வசதி உள்ளவர்கள் என்பதுதான் கேள்வி. கிரில் பெரிதானது சீனாவுக்காக என்று எல்லோரும் அடித்துச் சொல்வார்கள். பிஎம்டபிள்யூவுக்கு மிகப் பெரிய தனிச் சந்தை சீனா என்பது உண்மை, கிரில் அதற்காகவே வளர்ந்தது என்பது ஊகம். 2025-ல் காட்டிய புதிய மின்சார ஐஎக்ஸ்3-யில் கிரில் மறுபடி ஒல்லியாகிவிட்டது. எனக்கும் அந்த 4 சீரிஸ் மூஞ்சி பிடிக்காது. ஆனால் வாங்கியவர் உள்ளே உட்கார்ந்து ஓட்டுகிறார், எதிரே வருகிற நான்தான் அந்த மூஞ்சியைப் பார்க்கிறேன்.

சீனாவுக்காகச் செய்தது என்று ஊகமே தேவையில்லாமல் சொல்லக்கூடியது நீள வீல்பேஸ். முதலாளி பின்சீட்டில் உட்காருகிற ஊர் என்பதால் அங்கே மெர்சிடிஸ் இ கிளாஸையும் பிஎம்டபிள்யூ 5 சீரிஸையும் இழுத்து நீட்டினார்கள். பிறகு அதே வண்டி நமக்கும் பொருந்தும் என்று இங்கே கொண்டுவந்தார்கள். நீள இ கிளாஸ் 2017-லிருந்து இந்தியாவில் கிடைக்கிறது, 5 சீரிஸ் 2024-ல் நீண்டது. வியாபாரத் தந்திரமாக இது அருமையானது, வாங்குபவரில் பெரும்பாலோர் டிரைவர் வைத்திருப்பவர்கள். ஆனால் நம் சேலத்தில் ஒரு விசேஷம் உண்டு. என்னிடம் வண்டி விடும் முதலாளிகளில் பாதிப் பேர் டிரைவர் பக்கத்து சீட்டில்தான் உட்காருவார்கள். பின்னால் உட்கார்ந்தால் பந்தா என்று ஊர் சொல்லும் என்ற கூச்சம். போர்வெல் போடும் ரிக் தொழில் செய்யும் ஒருவரின் நீள வண்டியைச் சர்வீஸுக்குத் திறந்தேன். சாயும் பின்சீட்டு, ஜன்னல் திரை, கால் வைக்க இடம் எல்லாம் இருக்கிறது. சீட்டில் இருந்தது இரண்டு டிரில் பிட், ஒரு சாக்கில் சுற்றி. "ஏனுங்க, பின்னாடி ஒருதடவையாவது உட்கார்ந்து பார்த்தீங்களா?" என்று கேட்டேன். "அட போங்க தம்பி, பின்னாடி உட்கார்ந்தா எனக்கு வாந்தி வரும்" என்றார்.

சிரித்துவிட்டுப் போக வேண்டாம், உங்களுக்கும் இது பொருந்தும். வாராவாரம் ஏற்காடு போகிறீர்கள், கொண்டை ஊசி வளைவு 20. நீள 5 சீரிஸின் வீல்பேஸ் 3,105 மி.மீ., இ கிளாஸ் 3,094. இன்னோவா கிரிஸ்டா 2,750 மட்டுமே. கூடுதலாக ஓரடிக்கு மேல் நீளம் இருந்தால் வளைவில் வண்டி அகலமாக எடுக்கும். மேலேயிருந்து பஸ் இறங்கி வரும்போது அந்த ஓரடி பெரிய விஷயம். திருப்ப முடியாது என்று சொல்லவில்லை. பஸ்ஸே திருப்புகிறது. ஆனால் ஏறும் ஒவ்வொரு வாரமும் உங்களுக்குத் தேவையில்லாத ஒரு நீளத்தைச் சுமந்துகொண்டு திருப்புவீர்கள். நீங்களே ஓட்டுபவர் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் நீளமில்லாத எஸ்யூவி ரகம், உதாரணமாக பிஎம்டபிள்யூ எக்ஸ்3, ஆடி க்யூ5, வோல்வோ எக்ஸ்சி60, மெர்சிடிஸ் ஜிஎல்சி, உங்களுக்காகச் செய்ததற்குக் கொஞ்சம் கிட்டே வருகிறது. பின் சக்கரமும் திரும்பும் வசதி வந்தால் இந்தக் கணக்கே மாறும். மெர்சிடிஸின் இக்யூஎஸ் 5.2 மீட்டர் நீளம், பின் சக்கரம் 10 டிகிரி வரை திரும்புவதால் 10.9 மீட்டர் வட்டத்துக்குள் திரும்பிவிடுகிறது. அது உங்கள் பட்ஜெட்டுக்கு மேலே, இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

நீங்கள் கேட்காவிட்டாலும் ஜாகுவார் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் நண்பர்கள் அடுத்து அங்கேதான் வருவார்கள். 2024 நவம்பரில் கார் ஒன்றைக்கூடக் காட்டாமல் ஒரு விளம்பரம் போட்டு, லோகோவையும் மாற்றி, அடுத்த மாதம் டைப் 00 என்ற மாதிரி வண்டியைக் காட்டினார்கள். உலகம் முழுக்கக் கேலி. ஜெர்மன்காரர்களோடு எண்ணிக்கையில் போட்டி போட்டுத் தோற்றபின், குறைவாகச் செய்து, முழு மின்சாரமாக, ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல் விற்கலாம் என்று டாடாவுக்குச் சொந்தமான அந்தக் கம்பெனி எடுத்த முடிவு அது. பலிக்குமா என்று இப்போது சொல்பவர் ஜோசியர். பழைய ஜாகுவாரை நேசித்தவர்கள் நிறைய, புது ஜாகுவாரை வாங்கியவர்கள் குறைவு என்பதுதான் அவர்களை அங்கே தள்ளியது.

சரி, காசு. உங்கள் காசில் பெரிய பங்கு சின்னத்துக்குப் போகிறதோ இல்லையோ, அரசுக்குப் போகிறது. 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய பெட்ரோல், டீசல் கார்களுக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம். முன்பு செஸ் எல்லாம் சேர்த்து ஐம்பதை ஒட்டி இருந்தது. ஷோரூம் விலை 70 லட்சம் என்றால் அதில் வண்டி 50, ஜிஎஸ்டி 20. அதன்மேல் தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிக்கு 20 சதவீத ஆயுள் வரி. 70 லட்சத்தின் மேல் கணக்கிட்டால் அது 14. ஆக 84 லட்சம் கொடுத்தால் 34 லட்சம் வரி, இன்சூரன்ஸ் தனி. உங்கள் 75 லட்சம் ரோட்டில் இறங்கும் விலையா, ஷோரூம் விலையா என்று முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். இன்னொன்று: முழு வண்டியாகக் கப்பலில் வந்தால் சுங்க வரி மட்டுமே வண்டி விலையை இரண்டு மடங்குக்குக் கொண்டுபோகும், பாகங்களாக வந்து இங்கே பூட்டினால் அதில் சின்னப் பங்குதான். அதனால்தான் பிஎம்டபிள்யூ 2007-லிருந்து சிங்கப்பெருமாள்கோவில் பக்கம், வோல்வோ பெங்களூரை அடுத்த ஹொசகோட்டேயில், லெக்ஸஸ் ஈஎஸ் பிடதியில் என்று இங்கேயே பூட்டுகிறார்கள். உதிரி பாகம் கிடைப்பதிலும் இந்த வித்தியாசம் தெரியும். அபூர்வமான இறக்குமதி மாடலுக்கு ஒரு பம்பர் கிளிப் வருவதற்கே நான் ஆறு வாரம் காத்திருந்திருக்கிறேன்.

"டச்" தெரிவது இரண்டு வருடத்துக்குப் பிறகுதான் என்றேன். ஒரு சம்பவம் சொல்கிறேன், கம்பெனி பெயர் வேண்டாம். தெரிந்த ஒருவர் ஏழு வருடம் ஓடிய ஜெர்மன் செடான் ஒன்றை மலிவாக வாங்கினார். என்னிடம் காட்டியது வாங்கிய பிறகு. ஏர் சஸ்பென்ஷன் வண்டி. காற்றடைத்த ரப்பர் பைகள்தான் ஸ்பிரிங். டிசம்பர் மாதம் குடும்பத்தோடு ஏற்காடு போய், இரவு காட்டேஜ் வாசலில் நிறுத்தினார். காலை ஆறரைக்கு போன். பனியில் வண்டியின் மூக்கு தரையில் படுத்திருக்கிறது, டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே விரல் நுழையவில்லை. வயதான ரப்பரில் மடிப்பு விழும் இடத்தில் முடி போல வெடிப்பு வந்திருக்கும், குளிரில் ரப்பர் விறைத்ததும் காற்று கசியும், ராத்திரி முழுக்க இறங்கிவிடும். போதாததற்கு, கசிவை ஈடுகட்ட ஓடி ஓடி கம்ப்ரஸரும் செத்திருந்தது. மூக்கு தரையில் இருக்கும்போது கட்டி இழுக்கவும் முடியாது. ஃபிளாட்பெட் லாரி மேலே ஏறி வந்து, அத்தனை வளைவும் இறங்கி வந்து சேர மதியமாகிவிட்டது. அந்த வருடம் அவர் செலவழித்த தொகை, வாங்கிய விலையில் ஐந்தில் ஒரு பங்கு. வண்டியைக் குற்றம் சொல்ல மாட்டேன். அது மூன்று, நான்கு வருடத்தில் வண்டி மாற்றும் ஆளுக்காகச் செய்தது, இவர் மூன்றாம் கை. நீங்கள் புதிதாக வாங்கிப் பத்து வருடம் வைத்திருப்பவர் என்றால், ஏர் சஸ்பென்ஷன் இல்லாத ரகத்தையே எடுங்கள். ஆட்களைப் பார்த்துக் கூச்சப்பட வேண்டாம்.

பழைய பென்ஸ்தான் பென்ஸ் என்ற நண்பருக்கு: 1995-ல் புனேயில் பூட்ட ஆரம்பித்த டபிள்யூ124, அதாவது அந்தக் காலத்து இ கிளாஸ், இரும்பு மாதிரியான வண்டி, அதில் மறுபேச்சு இல்லை. ஆனால் அவர் நடுவில் ஒரு காலகட்டத்தை மறந்துவிட்டார். மின்னணு பிரேக் விவகாரத்தில் 2004-ல் சுமார் 6.8 லட்சம் கார்களை மெர்சிடிஸ் திரும்ப அழைத்தது, அடுத்த வருடம் வேறு சில மின்சாரக் கோளாறுகளும் சேர்ந்து 13 லட்சம். அந்தக் காலத்து வண்டிகளைவிட இன்றைக்கு வருபவை எவ்வளவோ தேவலை. டிவி சமாச்சாரத்தில் மட்டும் நான் அவர் கட்சி. ஏசி விசிறியைக் குறைக்க மலைவளைவில் திரையைத் தடவ வேண்டியிருப்பது முன்னேற்றம் இல்லை. பட்டன் இருக்கிற வண்டிக்கு நான் இரண்டு மதிப்பெண் கூடுதலாகப் போடுவேன்.

திரும்ப அழைப்பதைப் பற்றிப் பேசும்போது லெக்ஸஸ் கதையைச் சொல்லாமல் விட முடியாது. டொயோட்டா 1989-ல் எல்எஸ் 400 என்ற பெரிய வண்டியை முன்னால் நிறுத்தி அமெரிக்காவில் ஜெர்மன்காரர்களை எதிர்த்து நின்றது. சில மாதத்திலேயே ஒயரிங் பிரச்சினையும் பிரேக் லைட் சூடாகும் பிரச்சினையும் வந்தன. விற்ற 8,000 வண்டிகளையும் திரும்ப அழைத்தார்கள். சாதாரணமாக அந்தப் பெயர் அங்கேயே செத்திருக்க வேண்டும். ஆனால் வீட்டுக்கே போய் வண்டியை எடுத்து, சரி செய்து, கழுவி, டேங்கை நிரப்பித் திருப்பி விட்டார்கள். சுமார் 20 நாளில் எல்லாம் முடிந்தது. லெக்ஸஸின் பெயர் அந்த 20 நாளில் சம்பாதித்தது என்று சொல்பவர்கள் உண்டு. உங்கள் கணக்கிலும் இது வர வேண்டும். வீட்டிலிருந்து அந்த பிராண்டின் ஒர்க்‌ஷாப் எத்தனை கிலோமீட்டர், வண்டி நின்றால் எடுக்க வருவார்களா, மாற்று வண்டி தருவார்களா என்று, சேலத்தில் ஏற்கெனவே அதே வண்டி வைத்திருக்கும் இரண்டு பேரிடம் கேளுங்கள். விற்பவரிடம் கேட்டால் எல்லாம் உண்டு என்றுதான் வரும்.

மின்சார வண்டியையும் யோசிப்பதாக எழுதியிருந்தீர்கள். ஜிஎஸ்டி 5 சதவீதம் மட்டும் என்பதால் இந்த விலையில் அது பெரிய சலுகை. பிஎம்டபிள்யூ தன் மின்சார வண்டியான நீள ஐஎக்ஸ்1-ஐ 2025 ஜனவரியில் 49 லட்சத்துக்கு விட்டதற்கு ஒரு காரணம் இதுதான், இன்னொரு காரணம் சென்னையில் பூட்டியது. மலைக்கு ஓடுமா என்ற பயம் வேண்டாம், கணக்கு எளிது. சேலத்திலிருந்து ஏற்காடு ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரம். ஆளோடு சேர்த்து 2,200 கிலோ வண்டியை அந்த உயரம் தூக்க சுமார் 7 யூனிட் போகும், ஓடும் தூரத்துக்கு ஆவது தனி. இறங்கும்போது அதில் பாதிக்கு மேல் பேட்டரிக்குத் திரும்பி வரும், பிரேக்கும் தேயாது. ஒன்றே ஒன்று கவனம்: தோட்டத்தில் ராத்திரி 100 சதவீதம் சார்ஜ் போட்டுவிட்டுக் காலையில் இறங்காதீர்கள். நிறைந்த பேட்டரிக்குள் எதுவும் போகாது, வண்டி தானாக இழுத்துப் பிடிப்பது நின்று, சாதாரண பிரேக்தான் முழு வேலையும் செய்ய வேண்டும். எண்பதில் நிறுத்துங்கள். ஹைபிரிட்டில் இதே கதை சின்ன அளவில் நடக்கும். பேட்டரி குட்டி என்பதால் நாலைந்து வளைவிலேயே நிறைந்துவிடும், அப்புறம் எஞ்சின் உறுமிக்கொண்டு வண்டியைப் பிடித்து நிறுத்தும். கோளாறு என்று நினைத்து வண்டியைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தவர்கள் உண்டு.

நான் எதை வாங்குவேன் என்று கேட்டால், உங்கள் இடத்தில், நீங்களே ஓட்டி, பத்து வருடம் வைத்திருந்து, வாரம் ஒருமுறை மலை ஏறுவதாக இருந்தால், இங்கே பூட்டிய, சாதாரண ஸ்பிரிங் உள்ள, நடுத்தர எஸ்யூவி ஒன்று. மூன்று ஜெர்மன்காரர்களில் யார், இல்லை வோல்வோவா (அதில் ஏர் சஸ்பென்ஷன் வருகிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்) என்பதில் எனக்கு வலுவான கட்சி இல்லை, பக்கத்தில் நல்ல ஒர்க்‌ஷாப் எவருடையதோ அவர். வீட்டம்மாவும் அம்மாவும் பின்னால் உட்கார்ந்து, அதிகம் பெங்களூர், சென்னை என்று சமவெளியில் போவதாக இருந்தால் லெக்ஸஸ் ஈஎஸ். கேம்ரிக்கு மேக்கப் என்று சொன்ன நண்பரையும் ஒருநாள் அதில் பின்னால் உட்கார வையுங்கள், தொப்பூர் தாண்டுவதற்குள் தூங்கிவிடுவார்.

முடிவெடுக்கும் முன் டெஸ்ட் டிரைவை ஐந்து ரோடு மேம்பாலத்தில் ஒரு சுற்று சுற்றி முடிக்காதீர்கள். டெமோ வண்டியை வீட்டுக்கே கொண்டுவருவார்கள், இரண்டு மணி நேரம் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். காலை ஆறு மணிக்கு அடிவாரத்தில் டீ குடித்துவிட்டு ஏறுங்கள். விற்பனைப் பையன் முன்சீட்டில் இருக்கட்டும், வீட்டம்மாவைப் பின்சீட்டில் உட்கார வையுங்கள், பாட்டு போட வேண்டாம். நீங்கள் ஸ்டியரிங்கையும் பிரேக்கையும் கவனியுங்கள், எப்படி இருக்கிறது என்று வழியில் வீட்டம்மாவிடம் எதுவும் கேட்காதீர்கள். இருபதாவது வளைவு தாண்டி ஏரிக்கரையில் இறங்கியதும் அவர் டீ கேட்கிறாரா, எலுமிச்சம்பழம் கேட்கிறாரா என்று பாருங்கள்.